மாமா அனுப்பிய செய்தியும் என் சம்பளச் சீட்டும்

"ஜெர்மனியில் உதவிப் பணத்தில் பாதி வெளிநாட்டுக்காரனுக்கே போகிறதாமே, நீயும் வாங்குகிறாயா?" என்று மாமா வாட்ஸ்ஆப்பில் கேட்டார். செய்தி பொய்யில்லை. 2024-இல் பியூர்கர்கெல்ட் என்ற, வேலையோ போதிய வருமானமோ இல்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகைக்குச் சுமார் 4,690 கோடி யூரோ செலவானது. அதில் ஏறக்குறைய 2,220 கோடி ஜெர்மன் குடியுரிமை இல்லாதவர்களுக்கு. ஆனாலும் இந்த மாதிரிச் செய்தியைப் படிக்க ஒரு முறை இருக்கிறது.

முதலில், பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். இங்கே வேலை செய்பவராக இருந்தால் சம்பளச் சீட்டை எடுங்கள். 'ஏவி' என்ற இரண்டெழுத்துக்கு எதிரே ஒரு தொகை இருக்கும். வேலையின்மைக் காப்பீடு அது. 4,000 யூரோ சம்பளத்தில் 1.3 சதவீதம், அதாவது 52 யூரோ நம்மிடம் பிடிப்பார்கள். முதலாளி இன்னொரு 52 போடுவார். பிடிக்கும்போது பாஸ்போர்ட் நிறம் பார்ப்பதில்லை. கடைசி 30 மாதத்தில் 12 மாதம் கட்டியிருந்தால், வேலை போனதும் கைக்கு வந்த சம்பளத்தில் 60 சதவீதம், பிள்ளை இருந்தால் 67. என் கம்பெனி ஆள் குறைத்தபோது ஐந்து மாதம் இதைத்தான் வாங்கினேன். மாமா சொல்லும் கோடிகளில் நான் இல்லை. அது வரிப்பணம், வேறு பை. விசா விஷயத்திலும் இந்த வித்தியாசம் பெரிது: பியூர்கர்கெல்ட் வாங்கினால் நீட்டிப்பில் சிக்கல் வரலாம், கட்டி வாங்கும் காப்பீட்டுப் பணத்தை அப்படிப் பார்ப்பதில்லை.

அப்புறம், 'வெளிநாட்டவர்' யார்? கணக்கு பாஸ்போர்ட்டை வைத்துத்தான். நாற்பது வருஷமாக இங்கேயே இருக்கும் துருக்கி பாஸ்போர்ட்காரர் உள்ளே. போன மாதம் குடியுரிமை வாங்கியவர் வெளியே. உக்ரைனிலிருந்து வந்தவர்களை 2022 ஜூனில் அகதி உதவியிலிருந்து நேராக இந்த வரிசைக்கு மாற்றினார்கள். அவர்களுக்கு மட்டும் சுமார் 630 கோடி. அதனால் 2021-ஓடு ஒப்பிடும் வரைபடத்தை நம்பாதீர்கள்.

வாங்குகிறவர் எல்லாரும் சும்மா இருப்பவர் என்றும் எண்ண வேண்டாம். வேலை செய்தும் சம்பளம் போதாமல் மேலே வாங்குகிறவர்களே சுமார் எட்டு லட்சம் பேர். குழந்தைகளும் கணக்கில் உண்டு. தனி ஆளுக்குக் கையில் 563 யூரோ. வாடகைக்கும் ஹீட்டிங்குக்கும் தனியாகத் தருவார்கள். மியூனிக் மாதிரி ஊரில் வாடகையே அந்த 563-ஐ முந்திவிடும். அந்த வாடகைப் பணம் கடைசியில் சேருவது வீட்டுக்காரரிடம்.

நம் பக்கமும் ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. மக்கள்தொகையில் ஏழில் ஒருவர்தான் வெளிநாட்டவர். செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு என்பது அதிகம்தான். மொழி தெரியாமை, அங்கே படித்த படிப்பை இங்கே ஏற்க ஆகும் காலம் என்று காரணம் சொல்லலாம். எண்ணை மறைக்க முடியாது.

இவ்வளவையும் டைப் அடிக்கச் சோம்பல். 'ஏவி' வரியை வட்டமிட்டுச் சம்பளச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினேன். மாமா அதை விட்டுவிட்டு, கீழே இருந்த வருமான வரியைப் பார்த்து, "அட, இவ்வளவா பிடிக்கிறான்?" என்றார்.