தேவனோடு ஒப்புரவாகி விசுவாசத்தில் நிலைத்திருக்க

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பிறந்து வளர்ந்த நாம் தாமான் எனப்படும் குடியிருப்புகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியேறிவிட்டோம். அந்த இடப்பெயர்ச்சியில் சிலருக்குச் சபையும் கைநழுவிப் போயிற்று. வீடு சந்திப்புக்குச் செல்லும்போது, "நான் திரும்பி வந்தால் ஆண்டவர் ஏற்றுக்கொள்வாரா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் திருத்திக்கொள்ள வேண்டியது வரிசையை. சம்சு என்னும் மலிவுச் சாராயத்தை விட்டுவிட்டு, கடனை அடைத்துவிட்டு, நல்லவனான பிறகு வருகிறேன் என்று பலர் காத்திருக்கிறார்கள். வேதம் இதை நேர்மாறாகச் சொல்கிறது. நாம் தேவனுக்குச் சத்துருக்களாயிருக்கையிலேயே அவருடைய குமாரனின் மரணத்தினாலே ஒப்புரவாக்கப்பட்டோம், அதாவது பகை நீங்கி அவரோடு மீண்டும் உறவானோம் என்று ரோமர் 5:10 கூறுகிறது. நம் குடும்பங்களில் மனத்தாங்கல் ஏற்பட்டால், தவறு செய்த வீட்டார்தான் பெரியவர்களைத் தூது அனுப்புவார்கள். ஆனால் இங்கே தவறிழைக்கப்பட்டவராகிய தேவனே தூது அனுப்பி, "தேவனோடே ஒப்புரவாகுங்கள்" என்று அப்போஸ்தலர் வாயிலாக வேண்டிக்கொள்கிறார் (2 கொரிந்தியர் 5:20). ஆகவே முதல் வேலை உங்களைச் சுத்தப்படுத்திக்கொள்வதன்று. அந்தத் தூதுக்கு இணங்குவதே. அதற்கு ஒரு கூட்டம் நடக்கும் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை, இன்று இரவு வீட்டார் உறங்கிய பிறகு சமையலறையில் முழங்கால்படியிட்டாலும் போதும்.

அடுத்தது பாவ அறிக்கை. பால்மரம் வெட்டியவர்களுக்கு நன்றாகத் தெரியும்: முந்தைய வெட்டின்போது கோட்டில் உறைந்துபோன பாலை இழுத்தெடுத்த பிறகுதான் உளியை வைக்க வேண்டும். அதை அப்படியே விட்டுவிட்டு வெட்டினால் புதிய பால் கோட்டைவிட்டு விலகிப் பட்டையில் வழிந்து வீணாகுமே தவிர, பால் சேரும் கிண்ணமாகிய மங்கில் சேராது. "ஆண்டவரே, நான் செய்த எல்லாப் பாவங்களையும் மன்னியும்" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவது, உறைந்த பாலின்மேல் உளி வைப்பதற்கு ஒப்பாகும். எனவே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள்: நாலு நம்பர் லாட்டரிக்குச் செலவழித்த பள்ளிக்கூடப் பணம், மனைவியிடம் சொன்ன பொய், அண்டை வீட்டாரைப் பற்றிப் பரப்பிய பேச்சு. சொற்கள் வராவிட்டால் 51ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்து, ஒவ்வொரு வசனத்திற்குப் பின்னும் உங்கள் காரியத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். கத்தோலிக்கர் ஒப்புரவு அருளடையாளத்திற்காகக் குருவிடம் செல்வார்கள். மற்றவர்களும் மனத்தை அழுத்தும் பாவத்தைப் போதகரிடமோ முதிர்ந்த விசுவாசியிடமோ சொல்வது நலம். ஆனால் ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள். நம் ஊரில் ஒரு சொல் ஒரு வீட்டிலிருந்து கிளம்பினால் சாயங்காலத்திற்குள் அத்தனை வீடுகளுக்கும் போய்விடும்.

அறிக்கையிட்ட பிறகு மனத்தில் ஒன்றும் உணராமல் இருக்கலாம். அதற்காகக் கலங்க வேண்டாம். 1 யோவான் 1:9 மன்னிப்பை நம்முடைய கண்ணீரின்மேல் நிறுத்தவில்லை. அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்பதன்மேல் நிறுத்துகிறது.

இனி மனிதரிடம் போக வேண்டும். இதுவே மிகக் கடினமான பகுதி, இதைத் தாண்டிச் செல்ல வழியே கிடையாது. உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுவந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முன்பு அவனோடே ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னார் (மத்தேயு 5:23-24). எங்கள் தோட்டம் மூடப்பட்டபோது கிடைத்த பணத்தைப் பங்கிட்டதில் நான் என் தம்பிக்கு நியாயம் செய்யவில்லை. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள், திருவிருந்து ஞாயிறுதோறும் ஏதோ ஒரு காரணம் சொல்லி ஆராதனையைத் தவிர்த்து வந்தேன். கடைசியில் ஒரு மாலை அவன் வீட்டு வாசலில் போய் நின்று, "தப்பு என்னுடையது, தம்பி" என்றேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "உள்ளே வாங்க அண்ணே" என்றான். அந்தப் பணத்தை மாதம் இருநூறு ரிங்கிட்டாகத் திருப்பிக் கொடுத்தேன். சுவிசேஷத்தில் வரும் ஆயக்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்த முன்வந்தவன். நம்மால் அவ்வளவு இயலாமல் போகலாம், ஆனாலும் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு முகம் கொடுக்காமல் இருப்பவர், முழுத்தொகை சேரட்டும் என்று ஒளிந்திருப்பதைவிட, இருப்பதைக் கொண்டுபோய்க் கொடுத்து மீதிக்கு ஒரு தவணை சொல்வது மேல். மன்னிப்புக் கேட்கும்போது "நீயும் அப்படிச் செய்தாயே" என்ற வாக்கியம் வாயில் வரவே கூடாது.

ஓர் எச்சரிக்கை. உங்களை அடித்துத் துன்புறுத்தியவரை மன்னிப்பது வேறு, அதே வீட்டுக்குள் திரும்பிப் போவது வேறு. ஒப்புரவின் பெயரால் ஒரு பெண்ணை ஆபத்துக்குள் அனுப்பச் சபைக்கு உரிமை இல்லை.

நிலைத்திருத்தல் இதற்குப் பின் வருவது. பவுல் தாம் நேரில் காணாத கொலோசெ சபையாருக்கு எழுதும்போது, தேவன் அவர்களை ஒப்புரவாக்கினதைச் சொல்லிய கையோடு, நம்பிக்கையைவிட்டு அசையாமல் ஸ்திரமாயும் உறுதியாயும் விசுவாசத்திலே நிலைத்திருக்க வேண்டும் என்கிறார் (1:21-23). எழுப்புதல் கூட்டங்களில் அழுது எழுந்தவர்கள் மூன்று மாதத்தில் காணாமல் போவதை நான் கண்டிருக்கிறேன். நாள்தோறும் ஒரே நேரத்தில் சிறிதளவு வாசித்து ஜெபித்தவர்கள் பெரும்பாலும் நின்றார்கள். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்களே உள்ளன. நாளுக்கு ஒன்றாகத் தொடங்குங்கள். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவர், விடியற்காலையே ஜெப நேரம் என்று எண்ணித் தளர வேண்டாம். வேலை முடிந்து குளித்த பிறகு கிடைக்கும் கால் மணி நேரத்தை வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு வேலை நாளாக அமைந்தால், வாரநாளில் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். சம்பளம் வாங்கும் நாளன்று நம்பர் கடை இருக்கும் வழியாக வீடு திரும்பாதீர்கள்.

மீண்டும் விழுந்துவிட்டால், அன்றைக்கே எழுந்து அறிக்கையிடுங்கள். அடுத்த ஞாயிறுவரை தள்ளிப்போட்டால் வெட்கம் வளர்ந்து வாசலை அடைத்துக்கொள்ளும். பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே ஆண்டவர் அவருக்காக வேண்டிக்கொண்டு, நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து என்றார் (லூக்கா 22:32). ஆகையால் நீங்கள் திரும்பி வந்த முதல் மாதத்திலேயே, உங்களைப்போல் வராமல் நின்றுவிட்ட ஒருவருடைய வீட்டுக்குப் போங்கள். புத்தி சொல்ல வேண்டாம். தேநீர் கொடுத்தால் குடித்து, உடல்நலம் விசாரித்து, எழும்போது ஆராதனை தொடங்கும் நேரத்தைச் சொல்லி, ஞாயிறு காலை மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துப் போகட்டுமா என்று கேளுங்கள்.