தினமும் போடப்போகும் கல்யாண மோதிரம்: எந்த உலோகத்தில் வாங்குவது?

என் கல்யாண மோதிரம் 22 கேரட், நாலு கிராம். மேலே பார்த்தால் இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. கழற்றித் திருப்பினால் உள்ளங்கைப் பக்கம் கம்பி போலத் தேய்ந்து, வட்டமும் முட்டை வடிவத்துக்கு நெளிந்துவிட்டது. பஸ் கம்பி, குடத்தின் விளிம்பு, வண்டி ஹேண்டில் எல்லாம் அந்தப் பக்கத்தில்தானே உரசுகின்றன! அதனால் டிசைனுக்கு முன்னால் உலோகத்தை முடிவு செய்யுங்கள்.

1. முதலில் கை செய்யும் வேலை

லேத், கரண்ட் வேலை செய்பவர்கள் வேலை நேரத்தில் எந்த மோதிரமும் போடக் கூடாது, விரலுக்கே ஆபத்து. அவர்களுக்கு வேலைக்குப் போகும்போது கழற்றி வைக்கும் எளிய மோதிரம் போதும். பாத்திரம் தேய்க்கும் கைக்கும் பைக் ஓட்டும் கைக்கும் கெட்டியான உலோகம் வேண்டும்.

2. தங்கம்தான் என்றால் கேரட்டைக் குறையுங்கள்

வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் 22 கேரட்டில் 91.6 சதவீதம் தங்கம், அதனால் மிருது. 18 கேரட்டில் 75, 14 கேரட்டில் 58.5 சதவீதம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை. அந்தக் கலப்புதான் கெட்டித்தன்மை தருகிறது.

செலவு இப்படிக் குறையும். 22 கேரட்டில் 4 கிராம் வரும் மோதிரத்தை அதே அளவு, அதே தடிமனில் செய்தால் 18 கேரட்டில் சுமார் 3.5 கிராம், 14 கேரட்டில் சுமார் 3 கிராம்தான் வரும். உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் முறையே சுமார் 3.7, 2.6, 1.8 கிராம். 14 கேரட்டில் தங்கம் பாதிக்கு மேல் மிச்சம்! கடையில் 18 கேரட் என்றதும் வைர மோதிரத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். கல் இல்லாத பிளெய்ன் மோதிரம் ஆர்டருக்குச் செய்து தருவார்களா என்று கேளுங்கள். என் தேர்வு 18 கேரட்.

3. தங்கம் கட்டுப்படியாகாவிட்டால்

925 வெள்ளி (92.5 சதவீதம் வெள்ளி) விலை குறைவு. கறுக்கும், கீறல் விழும், ஆனால் பாலிஷ் போட்டால் பளிச்சென்று ஆகிவிடும், ஆசாரியும் அளவு மாற்றித் தருவார். டைட்டானியம் லேசானது, நிக்கல் ஒவ்வாத தோலுக்கும் ஏற்றது. டங்ஸ்டன் கார்பைடில் கீறல் லேசில் விழாது, ஆனால் கல் தரையில் விழுந்தால் உடையலாம். 316எல் என்ற வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மலிவு, துருவும் எளிதில் பிடிக்காது. அதில் நிக்கல் உண்டு என்பதால் அரிப்பு வருகிறவர்கள் யோசித்து வாங்குங்கள்.

டைட்டானியத்தையும் ஸ்டீலையும் அளவு மாற்றுவது கஷ்டம். டங்ஸ்டனை மாற்றவே முடியாது. மூன்றையும் திருப்பிக் கொடுத்தால் பணமும் வராது. முலாம் பூசியது மட்டும் வேண்டாம். தினசரிப் புழக்கத்தில் உள்ளங்கைப் பக்கம்தான் முதலில் வெளுக்கும்.

4. அளவு

காலையில் விரல் குளிர்ந்திருக்கும்போது அளக்காதீர்கள். சாயங்காலம் போய், கணுவைத் தாண்டி லேசான இறுக்கத்தோடு இறங்கும் அளவை எடுங்கள்.

5. பணம் கட்டும் முன்

தங்க மோதிரத்தின் உட்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, 18 கேரட்டுக்கு 750 என்ற எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி (அந்த நகைக்கே உரிய அடையாள எண்), மூன்றும் இருக்க வேண்டும். அந்த ஆறு இலக்கத்தைப் பிஐஎஸ் கேர் ஆப்பில் அங்கேயே தட்டிப் பாருங்கள். அப்புறம் பில்லில் எடை, கேரட், செய்கூலி, சேதாரம் தனித்தனியாக எழுதச் சொல்லி வாங்குங்கள்.