கேம்பர் வேனில் அலாரம் மாட்டப் போகிறீர்களா? முதலில் கரன்ட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

புது நாட்டுக்கு வந்து லைசென்ஸ் எடுத்து, கைமாறி வந்த ஒரு கேம்பர் வேனையும் வாங்கிவிட்டீர்கள். உள்ளே கேஸ் அடுப்பு இருக்கிறது, ஹீட்டர் இருக்கிறது, ஆனால் கேஸ் கசிந்தால் சத்தம் போட ஒன்றும் இல்லை. அல்லது முன்பு வைத்திருந்தவர் மாட்டிய அலாரம் எப்போதோ செத்துப்போய் சுவரில் சும்மா தொங்குகிறது. புதிதாக ஒன்று வாங்கிப் பெட்டியைப் பிரித்தால் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என இரண்டே வயர், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். வேலை சின்னதுதான். ஆனால் நாம் வண்டிக்குள் புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு வயரும் தீப்பிடிக்க ஒரு புது இடம். அலாரம் சரியில்லை என்றால் அது கத்தாது, அவ்வளவுதான், வயர் சரியில்லை என்றால் அதுவே தீயை மூட்டிவிடும்.

வாடகை வண்டி என்றால் இதையெல்லாம் யோசிக்கவே வேண்டாம், ஒரு வயரையும் தொடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்பது அடுப்போ ஹீட்டரோ சரியாக எரியாதபோது வரும், வாடையே இல்லாத விஷவாயு. அதற்கென்று பேட்டரியில் ஓடும் அலாரம் ஒன்றைக் கூடவே எடுத்துப்போங்கள், அதுவே போதும். சொந்த வண்டிக்கும் கார்பன் மோனாக்சைடைப் பொறுத்தவரை என் கருத்து அதுதான். மூடிய பேட்டரியோடு வரும் அலாரத்துக்கு வயரே தேவையில்லை, வண்டியின் பேட்டரி இறங்கினாலும் அது விழித்திருக்கும். வாங்கும்போது பெட்டியில் ஈ.என். 50291-2 என்று இருக்கிறதா என்று பாருங்கள், ஐரோப்பியத் தரத்தில் கேம்பர் வேன், படகு போன்றவற்றுக்கானது அதுதான். 50291-1 வீட்டுக்கானது.

எல்பிஜி அலாரம், அதாவது அடுப்பு கேஸ் கசிந்தால் கத்துவது, வேறு சங்கதி. அதற்குள் பெரும்பாலும் எப்போதும் சூடாகவே இருக்கும் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும், அதனால் சின்ன பேட்டரியில் அது தாங்காது, வண்டியிலிருந்து நிரந்தரமாகக் கரன்ட் வேண்டும். ஏறி இறங்கும் படி வெளியே இருக்கும்போதே வண்டியைக் கிளப்பினால் எச்சரிக்கும் பஸ்ஸருக்கும் வயர் வேண்டும். ஆகவே இங்கே பேசுவது இந்த இரண்டைப் பற்றித்தான்.

ஊரில் ஃபேன், சுவிட்ச் எல்லாம் தானே மாட்டிப் பழகியவர்கள் “12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே” என்று சாதாரணமாக இறங்கிவிடுவார்கள். ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் வண்டி பேட்டரி ஷார்ட் ஆனால் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும், மெல்லிய வயர் அடுப்புக் கம்பி மாதிரி சிவந்துவிடும், பக்கத்தில் இருப்பதோ பிளைவுட்டும் ஃபோமும் திரைச்சீலையும். மோதிரம், வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேட்டரி பக்கம் போக வேண்டும். ஸ்பானர் பாசிட்டிவையும் பாடியையும் ஒரே நேரத்தில் தொட்டாலும் அதே கதைதான்.

கேம்பர் வேனில் பொதுவாக இரண்டு பேட்டரி இருக்கும். ஒன்று இன்ஜினைக் கிளப்ப, இன்னொன்று உள்ளே விளக்கு, பம்ப், ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும். இந்த இரண்டாவதை லெஷர் பேட்டரி என்பார்கள். எல்பிஜி அலாரம் இதிலிருந்துதான் கரன்ட் எடுக்க வேண்டும், இன்ஜின் பேட்டரியிலிருந்து எடுத்தால் ஒரு நாள் காலையில் வண்டி கிளம்பாது. ஒரு சின்னக் கணக்கு போட்டால் ஏன் என்று புரியும். அலாரம் 100 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி போகிறது. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாகச் செலவழிக்கலாம் என்பதால், வேறு எதுவுமே ஓடாவிட்டாலும் சுமார் 20 நாளில் அலாரம் மட்டுமே அந்தப் பாதியைக் குடித்துவிடும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைப்பதென்றால் சிலிண்டரை மூடிவிட்டு அலாரத்தின் ஃபியூஸை உருவி வைத்துவிடுங்கள், திரும்ப எடுக்கும்போது முதல் வேலையாகப் போடுங்கள். நீண்ட நாள் அணைந்து கிடந்த சென்சார் நிதானத்துக்கு வரக் கொஞ்ச நேரம் எடுக்கும், அது தயாராகும் வரை அடுப்பைத் தொட வேண்டாம்.

லெஷர் பேட்டரியில் எந்த இடத்திலிருந்து எடுக்கிறோம் என்பதுதான் இதில் பலர் கோட்டை விடும் இடம். கதவுக்கு மேலே ஒரு கன்ட்ரோல் பேனல் இருக்கும், அதில் மெயின் சுவிட்ச் இருக்கும், இரவு படுக்கும்போது அதை அணைத்துவிடுவோம். பக்கத்தில் இருக்கும் விளக்கின் வயரிலிருந்து சுலபமாகக் கரன்ட் எடுத்து அலாரம் மாட்டியிருந்தால், அந்த சுவிட்சோடு அலாரமும் தூங்கிவிடும். எல்லாரும் தூங்கும் நேரத்தில்தான் அது விழித்திருக்க வேண்டும். எனவே மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே, எப்போதும் உயிரோடு இருக்கும் இடத்திலிருந்து எடுக்க வேண்டும். வண்டியின் வயரிங் படம் கிடைத்தால் அதில் எண்களைத் தேடுங்கள். ஜெர்மானிய முறையில் 30 என்றால் எப்போதும் உயிருள்ள பாசிட்டிவ், 15 என்றால் சாவி போட்டால் மட்டும் வருவது, 31 என்றால் எர்த், அதாவது நெகட்டிவ். பல வண்டிகளில் இந்த எண்கள்தான் இருக்கும். லாரி சேஸிஸில் கட்டிய பெரிய கேம்பர்கள் சிலவற்றில் 24 வோல்ட் ஓடும், அதையும் அளந்து பார்த்த பிறகு அலாரம் வாங்குங்கள்.

நிறத்தை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். ஐரோப்பாவில் வீட்டு வயரிங்கில் பழுப்பு என்றால் கரன்ட் வரும் வயர், ஜெர்மன் வண்டிகளில் அதே பழுப்பு எர்த். வட அமெரிக்கக் கேம்பர்களில் வண்டிப் பகுதியில் கறுப்பு எர்த்தாக இருக்கும், குடியிருக்கும் பகுதியில் கறுப்பு பாசிட்டிவாகவும் வெள்ளை நெகட்டிவாகவும் இருப்பது சகஜம். போதாக்குறைக்கு, முன்பு வைத்திருந்தவர் கையில் கிடைத்த நிறத்தில் இழுத்தும் இருப்பார். ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி ஒவ்வொன்றையும் அளந்து பார்ப்பதுதான் வழி. ஊசி வைத்த பழைய டெஸ்ட் லாம்பால் வண்டியின் கம்ப்யூட்டர் வயர்களைக் குத்தக் கூடாது. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய வயர்களைக் கண்டால் அது பெரும்பாலும் தகவல் போகும் வழி, மஞ்சள் கனெக்டர் என்றால் பெரும்பாலும் ஏர்பேக். இரண்டையும் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஃபியூஸ். ஃபியூஸ் இருப்பது அலாரத்தைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. அதனால் அது அலாரத்துக்குப் பக்கத்தில் இருந்து பிரயோஜனமில்லை, பேட்டரியிலிருந்து கிளம்பியவுடனே, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உள்ள துண்டு வயரைக் காப்பாற்ற யாரும் இல்லை, அதைக் குட்டையாக வையுங்கள். எத்தனை ஆம்பியர் என்பது அலாரத்தோடு வரும் தாளில் இருக்கும், பெரும்பாலும் 1 அல்லது 2 ஆம்பியர். பிளேடு ஃபியூஸில் 2 சாம்பல் நிறம், 3 ஊதா, 10 சிவப்பு, 15 நீலம். ஃபியூஸ் போனால் காரணத்தைத் தேட வேண்டுமே தவிர, கையில் இருந்த 15 ஆம்பியர் நீலத்தைச் செருகக் கூடாது. வயர் 0.75 அல்லது 1 சதுர மில்லிமீட்டர் போதும். அலாரம் இழுக்கும் கரன்ட்டுக்கு அது அதிகம்தான், ஆனால் அதைவிட மெல்லியது வண்டியின் அதிர்வில் அறுந்துபோகும். வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயரும் இதே காரணத்தால் வேண்டாம், பல இழைகள் உள்ள வாகன வயரே வாங்குங்கள்.

ஃபியூஸ் பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் ஃபியூஸின் இடத்தில் செருகி, அதிலிருந்தே இன்னொரு ஃபியூஸோடு ஒரு வயரை வெளியே எடுக்கும் சின்னக் கிளை ஹோல்டர் கிடைக்கிறது. புதியவர்களுக்கு அது நல்ல வழி. வயரின் தோலைக் கத்தியால் சீவி, மேலே இன்னொரு வயரைச் சுற்றி டேப் ஒட்டும் நம்மூர்க் கைவேலை இங்கே ஆகாது, வெயிலில் பசை இளகி டேப் கழன்றுவிடும். ஓடும் வயரைக் கவ்விக் கடிக்கும் நீலப் பிளாஸ்டிக் கிளிப்பும் எனக்குப் பிடிக்காது, உள்ளே இழைகளை வெட்டிவிடும். சரியான கிரிம்பிங் கருவியால் அழுத்திய இணைப்பு, மேலே சூட்டில் சுருங்கும் குழாய், அதுதான் நிற்கும். இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் திரும்பச் செய்யுங்கள்.

நெகட்டிவை அருகிலிருக்கும் ஏதோ ஒரு ஸ்குருவில் கட்டிவிடலாம் என்று நினைப்பீர்கள். கேம்பரின் சுவர் பல சமயம் ஃபைபரும் மரமும்தான், அதில் எர்த் கிடைக்காது. பாசிட்டிவோடு சேர்த்தே நெகட்டிவையும் எர்த் பாருக்கு, அதாவது எல்லா நெகட்டிவ் வயரும் வந்து சேரும் உலோகப் பட்டைக்கு, இழுத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் எவ்வளவு கரன்ட் போகிறது என்று அளக்கும் ஷன்ட் என்ற துண்டோ சென்சாரோ இருந்தால், அதைத் தாண்டிய பக்கத்தில்தான் இணைக்க வேண்டும், இல்லையென்றால் அலாரம் குடிக்கும் கரன்ட் கணக்கிலேயே வராது.

வேலை தொடங்கும் முன் வெளியிலிருந்து வரும் மெயின்ஸ் கேபிளைக் கழற்றுங்கள், இன்வெர்ட்டரை அணையுங்கள். சோலார் இருந்தால் முதலில் பேனலைக் கன்ட்ரோலரிலிருந்து பிரித்துவிட்டுப் பிறகுதான் பேட்டரி. பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். சிலிண்டர் மூடியிருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். துளை போடும் முன் அந்தச் சுவருக்குப் பின்னால் கேஸ் குழாயோ மெயின்ஸ் கேபிளோ போகிறதா என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும், ஊகம் கூடாது. தகரத்தில் துளைத்த ஓட்டையில் ரப்பர் வளையம் போடாமல் வயரை இழுத்தால் ஓட்டையின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். மெயின்ஸ் கேபிளோடு சேர்த்துக் கட்டாமல் தனியாகக் கொண்டுபோங்கள். கேஸ் குழாயைத் தொடும் எந்த வேலையும் உங்கள் வேலை இல்லை, பல நாடுகளில் அதற்குத் தகுதிச் சான்று பெற்றவர்தான் கை வைக்கலாம். இன்ஷூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வண்டியில் செய்த மாற்றத்தைச் சொல்லவில்லை என்பதையே பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு.

எங்கே மாட்டுவது? புரொப்பேன், பியூட்டேன் இரண்டும் காற்றைவிடக் கனமானவை, தரையில் தேங்கும். ஆகவே எல்பிஜி அலாரம் தரையிலிருந்து சுமார் 10 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில், தாளில் போட்டிருக்கும் அளவுப்படி. காற்று வரும் ஓட்டைக்கு நேரே வேண்டாம், கால் இடிக்கும் இடமும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடு கிட்டத்தட்ட காற்றின் எடையே, அறைக் காற்றோடு கலந்துவிடும், அதனால் அந்த அலாரம் படுக்கைப் பக்கம், மூச்சு விடும் உயரத்தில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் ஒன்று சரியாக வேலை செய்யாது.

படி பஸ்ஸர் இதைவிட எளிது. சாவி போட்டால் வரும் 15-லிருந்து ஃபியூஸ், அங்கிருந்து பஸ்ஸரின் பாசிட்டிவ், பஸ்ஸரின் நெகட்டிவிலிருந்து படியில் இருக்கும் சின்ன சுவிட்ச், சுவிட்சிலிருந்து எர்த். படி வெளியே இருந்தால் சுவிட்ச் மூட வேண்டும், அவ்வளவே. படி சுவிட்ச் ஏற்கெனவே வேறு எதற்கோ சிக்னல் கொடுத்துக்கொண்டிருந்தால் அதில் கை வைக்காமல் தனியாக ஒரு காந்த சுவிட்ச் மாட்டிவிடுங்கள்.

மாட்டி முடித்ததும் அலாரத்தின் இடத்திலேயே வோல்ட் அளந்து பாருங்கள், இன்ஜின் நிற்கும்போது ஒரு தடவை, ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் போகும்போது ஒரு தடவை. அப்புறம் கன்ட்ரோல் பேனலை முழுக்க அணைத்துவிட்டு அலாரத்தின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை அதுதான். டெஸ்ட் பட்டன் சத்தம் வருகிறதா என்பதை மட்டுமே சொல்லும், சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கென்று லைட்டர் கேஸை ஊதிப் பார்க்காதீர்கள், சென்சார் கெட்டுவிடலாம்; தயாரிப்பாளர் சொல்லும் சோதனை கேஸ் இருந்தால் அதை வாங்குங்கள்.

பொய் அலாரமும் வரும். ஹேர் ஸ்பிரே, சிலிக்கான் பசை, சுத்தம் செய்யும் ஸ்பிரே எல்லாம் எல்பிஜி சென்சாரைக் குழப்பும். அதிகமாக சார்ஜ் ஆகும் லெட் ஆசிட் பேட்டரி ஹைட்ரஜனை விடும், அது கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கத்த வைக்கும், அழுகிய முட்டை வாடையும் சேர்ந்து வந்தால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். ஆனால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வெளியே வந்த பிறகுதான். அலாரம் கத்தினால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம், அடுப்பை மூடி, எல்லாரையும் இறக்கி, வெளியிலிருந்து சிலிண்டரை மூடிவிட்டுப் பிறகு யோசிக்கலாம்.

அலாரத்தோடு வரும் தாள் ஆங்கிலத்திலோ அந்த நாட்டு மொழியிலோ இருக்கும். வண்டியில் வரும் அப்பா அம்மாவுக்கு அது புரியாமல் போகலாம். எந்தச் சத்தம் ஆபத்து, எது பேட்டரி குறைந்த சத்தம், சிலிண்டர் வால்வு எங்கே என்று தமிழில் நாலு வரி எழுதி அலாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஃபியூஸ் இருக்கும் இடத்தையும், அலாரத்தின் முதுகில் போட்டிருக்கும் காலாவதி தேதியையும் அதே தாளில் எழுதிவிடுங்கள், சுவரில் மாட்டிய பிறகு அந்த முதுகை யாரும் பார்க்கப் போவதில்லை.