கர்ப்பகால மலச்சிக்கல்: யாரிடமும் சொல்லாமல் செய்யும் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியிடம் சத்தியைப் பற்றிக் கேட்பார்கள், கால் வீக்கத்தைப் பற்றிக் கேட்பார்கள், என்ன சாப்பிட ஆசை என்றும் கேட்பார்கள். மலம் ஒழுங்காகப் போகிறதா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அவளும் கூச்சத்தினால் சொல்வதில்லை. இந்தக் காலத்தில் செய்யப்படும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கூச்சத்திலிருந்துதான் பிறக்கின்றன. கருத்தரித்ததும் கூடுதலாகச் சுரக்கும் புரொஜெஸ்தரோன் என்ற ஓமோன் குடலின் தசைகளைத் தளர்த்திவிடுவதால் உணவு மெல்ல நகர்கிறது. அப்படித் தாமதிக்கும்போது பெருங்குடல் அதிலுள்ள நீரை மேலும் உறிஞ்சிக்கொள்ள, மலம் இறுகிவிடுகிறது. பிந்திய மாதங்களில் வளரும் கருப்பையின் அழுத்தமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது.

கிளினிக்கில் தரப்படும் இரும்புச்சத்துக் குளிசையும் பலருக்கு மலத்தை இறுக்கும். என் தங்கை முதற்பிள்ளையைச் சுமந்த காலத்தில், குசினி அலுமாரியில் பால்மாப் பேணிக்குப் பின்னால் பிரிக்கப்படாத குளிசை அட்டைகள் நான்கைக் கண்டெடுத்தோம். கேட்டபோது, "போட்டால் இரண்டு நாளுக்குப் போகாது அக்கா" என்றாள். குடும்பநல உத்தியோகத்தரிடமோ ஒழுங்காகப் போடுவதாகவே சொல்லி வந்திருக்கிறாள். குளிசையை இவ்வாறு இரகசியமாக நிறுத்துவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பது என் எண்ணம். ஏனெனில் மலச்சிக்கல் தொல்லை தருவது, இரத்தச்சோகையோ தாயையும் பிள்ளையையும் ஒருங்கே பாதிப்பது. உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் வரையான இரும்புச்சத்தைப் பரிந்துரைக்கிறது. உண்மையைச் சொன்னால் வைத்தியர் அளவையோ, குளிசையின் வகையையோ, போடும் நேரத்தையோ மாற்றித் தர இடமுண்டு. குளிசை போடும்போது மலம் கறுப்பாகப் போவது வழமையானது. அதைக் கண்டு பயந்து நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் மலம் தார் போலப் பிசுபிசுப்பாகவும் கடும் நாற்றத்துடனும் இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

குளிசையைத் தேத்தண்ணீரோடு விழுங்குவது இன்னொரு பிழை. தேயிலையிலுள்ள சேர்வைகள் இரும்பு உடலில் சேர்வதைக் குறைப்பதால், மலச்சிக்கலைப் பொறுத்துக்கொண்டும் குளிசையின் முழுப் பலன் கிடைக்காமற் போகிறது. அடிக்கடி சலம் போகிறது என்பதற்காகத் தண்ணீரைக் குறைக்கும் பழக்கமும் அதேயளவு பரவலானது. வேறு நோய்களுக்காக வைத்தியர் மட்டுப்படுத்தியிருந்தாலன்றி, நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை லீற்றர் வரை குடிக்க வேண்டும். எங்கள் சித்திரை, வைகாசி வெயிலில் அதற்கும் மேலாகத் தேவைப்படலாம்.

சாப்பாட்டில் தவறு பெரும்பாலும் காலையிலேயே தொடங்கிவிடுகிறது. இரண்டு துண்டுப் பாணும் சம்பலும், இரவில் கோதுமை மாப் பிட்டும் என்று போகும் நாளில் நார்ச்சத்துக்கு இடமேது? அதே நீத்துப்பெட்டியில் குரக்கன் மாவையோ சிவப்பரிசி மாவையோ முருங்கையிலையோடு சேர்த்து அவிக்கலாம். மத்தியானத்தில் குத்தரிசிச் சோற்றோடு ஒரு கீரைக் கறியும், பின்னேரத்தில் அவித்த பயறோ கௌபியோ இருந்தால் நிலைமை பெருமளவு மாறும். எனினும் நாரை ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதும். தண்ணீரைக் கூட்டாமல் நாரை மட்டும் கூட்டினால் சிக்கல் இன்னும் இறுகும். பப்பாப்பழத்தைக் கண்டாலே கருச்சிதைவு என்று பதறுவோர் நம்மிடையே அதிகம். தவிர்க்க வேண்டியது பால் வடியும் காயையும் செங்காயையுமே. நன்றாகக் கனிந்த பழத்தைச் சாப்பிடலாம். கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் எந்தப் பழத்தின் அளவையும் கிளினிக்கில் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

பேதிக்குக் குடிப்பது முன்பு நம் வீடுகளில் சாதாரணமாக இருந்ததனாலேயே, ஆமணக்கெண்ணெய் ஒரு கரண்டி கொடுத்தால் என்ன என்று அம்மம்மாமார் யோசனை சொல்வார்கள். அவர்களுடைய அன்பில் குறையில்லை. ஆனால் அந்த எண்ணெய் குடலோடு நின்றுவிடாமல் கருப்பைத் தசையையும் தூண்டக்கூடியது. நிலாவாரைப் பொடியையும், பார்மசியில் கேட்டு வாங்கும் பேதிக் குளிசையையும் வைத்தியரைக் கேளாமல் எடுக்கக் கூடாது. மருந்து தேவையானால் இசப்பகோல் உமி, லக்டுலோஸ் பாணி போன்று கர்ப்பிணிகளுக்கு வழமையாகக் கொடுக்கப்படுபவை உள்ளன.

மலம் வரும் உணர்வை அடக்கக் கூடாது. கூட்டுக் குடும்பத்தில் காலையில் எல்லோரும் போன பிறகே தன் முறை வரும் என்று காத்திருக்கும் மருமகளுக்கு இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். வீட்டிலுள்ளோர்தான் அவளுக்கு வழிவிட வேண்டும். கொமட்டில் இருப்பவர்கள் பாதங்களின் கீழ் சிறு பலகையொன்றை வைத்து, முழங்கால்கள் இடுப்பை விடச் சற்று உயர்ந்திருக்கும்படி முன்சாய்ந்தால் மலம் இலகுவாக வெளியேறும். மூச்சைப் பிடித்து முக்குவது மூலத்தையும் ஆசனவாய் வெடிப்பையும் வரவழைக்கும்.

மலத்தோடு இரத்தம் போனாலோ, பல நாட்களாக மலம் போகாமல் வயிறு உப்பிச் சத்தியும் சேர்ந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அடுத்த கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. 37 வாரங்கள் நிறைவதற்கு முன் வயிற்று வலி விட்டுவிட்டு ஒழுங்கான இடைவெளியில் வந்தால், அதை மலச்சிக்கல் வலி என்று எண்ணிச் சுடுதண்ணீர் குடித்துப் படுத்துவிடாமல், உடனே ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும்.