'தையல்தான் போட்டாங்க': பிரசவக் காயங்களைக் கணக்கெடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

எத்தனை பெண்களுக்குப் பிரசவக் காயங்கள் இருக்கின்றன என்று வீடு வீடாகப் போய்க் கேட்கப் போகிறீர்களா? முதல் வேலையாக 'காயம்' என்ற சொல்லைக் கேள்வித்தாளிலிருந்து அடித்துவிடுங்கள். சென்னை வியாசர்பாடியில் முன்னோட்டத்துக்குப் போனபோது நான் அப்படித்தான் கேட்டேன். "காயமா? அதெல்லாம் இல்லம்மா, தையல்தான் போட்டாங்க" என்றார் அந்த அக்கா.

சரி, தையல் என்றே கேட்போம் என்றால் அங்கேயும் ஒரு வம்பு. சிசேரியனுக்கு வயிற்றில் போடுவதும் தையல்தான். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், அதனால் 'கீழேயா, வயித்துலயா' என்று கேட்காவிட்டால் பாதிப் பதில்கள் குப்பைக்குத்தான். கீழே போட்ட தையல் என்றாலும், டாக்டர் வெட்டியதற்கா, தானாகக் கிழிந்ததற்கா, கிழிசல் ஆசனவாய்த் தசை வரை போனதா என்பதெல்லாம் படுத்திருந்தவருக்கு எப்படித் தெரியும்? கிழிசலின் நிலையை அவரிடம் கேட்காதீர்கள். வாயுவையும் மலத்தையும் அடக்க முடிகிறதா என்று கேளுங்கள், அதை அவரால் சொல்ல முடியும்.

மொழிபெயர்ப்பில் நடக்கும் இன்னொரு கூத்து: ஃபிஸ்டுலாவை அகராதியில் தேடி 'பவுத்திரம்' என்று போட்டுவிடுவது. பவுத்திரம் என்றால் நம் ஊரில் ஆசனவாய்ப் பக்கம் வரும் கட்டியும் சீழும்தான், அந்த போர்டு மாட்டிய வைத்தியசாலைகளைப் பார்க்காத சென்னைவாசி உண்டா? நாம் தேடுவது வேறு. குழந்தையின் தலை இடுப்பெலும்பில் மணிக்கணக்கில் முட்டிக்கொண்டு நிற்க, நடுவே நசுங்கும் சதை ரத்தவோட்டம் இல்லாமல் செத்து, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலோ, மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலோ ஓட்டை விழுவது அது. சிசேரியனிலோ கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷனிலோ கை தவறினாலும் அப்படி ஓட்டை விழலாம், அதனால் எதற்குப் பிறகு சிறுநீரோ மலமோ கசியத் தொடங்கியது என்பதைத் தனிக் கேள்வியாக வையுங்கள்.

பெரிய தவறுக்கு இப்போது வருகிறேன். பெண்கள் வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்கள், ஆகவே சர்வேயில் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அரிதான பாதிப்பில் கணக்கு நேர் எதிராகவும் போகும். ஒரு பேச்சுக்கு, ஆயிரத்தில் ஒருவருக்கு ஃபிஸ்டுலா என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 பேரைக் கேட்டால் நிஜமாக இருப்பவர்கள் 10 பேர். மீதி 9,990 பேரில் நூற்றுக்கு ஒருவர், வெறும் ஒருவர், கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டு 'ஆமாம்' என்றாலே 100 பேர் சேர்ந்துவிடுவார்கள். 110 பேர் என்று அறிக்கை எழுதுவீர்கள், அதாவது நிஜத்தைப் போல் பதினோரு மடங்கு. பத்துப் பேரில் பாதிப் பேர் வெட்கப்பட்டு மறைத்தாலும் 105 வரும். இதில் ஒரு தப்பு இன்னொரு தப்பை ஈடுகட்டும் என்று நினைக்க இடமே இல்லை.

அந்த நூறு பேர் யார்? இருமினால் தும்மினால் சொட்டு சொட்டாகப் போகிறவர்கள், வெள்ளைப்படுகிறவர்கள், பாத்ரூம் போவதற்குள் அடக்க முடியாதவர்கள். அவர்களுக்கும் தொந்தரவுதான், ஆனால் அது ஃபிஸ்டுலா இல்லை. 'சிறுநீர் கசியுமா' என்று மொட்டையாகக் கேட்காமல், ராத்திரி படுத்திருக்கும்போதும் நிற்காமல் ஒழுகுமா, துணி எப்போதும் நனைந்தே இருக்குமா என்று கேளுங்கள். அப்புறம் ஆமாம் என்றவர்களை டாக்டர் பார்த்தாக வேண்டும். சிறுநீர்ப்பையில் நீலச் சாயத்தை ஏற்றி, உள்ளே வைத்த பஞ்சு நீலமாகிறதா என்று பார்ப்பது பழைய, எளிய சோதனை. ஓட்டை ரொம்பச் சின்னதாகவோ வேறு இடத்திலோ இருந்தால் மேலே ஆராய வேண்டும்.

சர்வே வேண்டாம், எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைப் பதிவேட்டை எண்ணினால் போதாதா என்பார்கள். வெளியிலிருந்தும் சிக்கலான கேஸ்களை அனுப்பும் இடம் அது, அங்கே வருகிறவர்களை வைத்து ஊரை அளக்க முடியாது.

யாரைக் கேட்கிறோம் என்பதிலும் ஓட்டை உண்டு. உயிரோடு பிறந்த குழந்தைகளைப் பற்றி மட்டும் கேட்டால், நெடுநேர வலிக்குப் பிறகு குழந்தை இறந்தே பிறந்த பெண் விடுபட்டுப்போவார். ஃபிஸ்டுலா வர அதிக வாய்ப்புள்ளவர் அவர்தான். 15 முதல் 49 வயதோடு நிறுத்தினால் கர்ப்பப்பை இறக்கம் பாதி கண்ணில் படாது. 'அடி இறங்கியிருக்கு' என்று சொல்கிற பாட்டிகளை 60 வயதுக்கு மேல்தானே பார்க்கிறோம்?

மாமியார் ஹாலில் டிவியைச் சத்தம் குறைத்துவிட்டு உட்கார்ந்தால் பேட்டியை நிறுத்திவிடுங்கள். ஹவுசிங் போர்டு வீட்டில் தனி அறை கிடைக்காது, ஆனால் மொட்டை மாடி இருக்கிறது. கையில், எந்த ஆஸ்பத்திரியில், என்றைக்கு ஓ.பி. என்று எழுதிய சீட்டு இருக்கட்டும். "இதுக்கு ஆபரேஷன் இருக்கா?" என்று வியாசர்பாடியில் ஒருவர் கேட்டபோது என்னிடம் கேள்வித்தாள் மட்டும்தான் இருந்தது.