முதலில் துணி, பிறகு பென்சில்: பள்ளி மாணவர்களுக்கு ஆடை வடிவமைப்பு கற்பிக்கும் முறை

ஆடை வடிவமைப்பு வகுப்பு என்றதும் பெரும்பாலான மாணவர்கள் ஒல்லியான ஓர் உருவத்தை வரைந்து, அதற்குப் பளபளப்பான கவுன் ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். அதை எந்தத் துணியில் தைப்பது, தையல் எங்கே விழும் என்று கேட்டால் பதில் வருவதில்லை. ஆகவே, சிங்கப்பூரில் உயர்நிலை 1, 2 மாணவர்களுக்கு இணைப்பாட நடவடிக்கையாகவோ சமூக மன்ற வகுப்பாகவோ இதைக் கற்பிக்க முன்வருவோர், தொடக்க வகுப்புகளில் பென்சிலை ஒதுக்கிவைத்துத் துணியைக் கையில் கொடுப்பதே நல்லது.

இதற்குப் பெரிய செலவு இல்லை. லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா நிலையத் தையல் கடைகளில் வெட்டுத் துண்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். பாட்டியின் பழைய பருத்திப் புடவை ஒன்றே ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் துணியாகும்.

முதல் வகுப்பில் நெய்த கட்டம் போட்ட கைலித் துண்டையும் பூ அச்சிட்ட துண்டையும் கொடுத்து, ஓரத்திலிருந்து ஊசியால் இழைகளை ஒவ்வொன்றாக உருவச் சொல்லுங்கள். கைலியில் சிவப்பு இழை முழுநீளமும் சிவப்பாகவே வரும். அச்சுத் துணியின் இழையோ விட்டு விட்டு நிறம் மாறும். நூலுக்குச் சாயமேற்றி நெய்வதற்கும் நெய்த துணியின் மேல் அச்சிடுவதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஓர் இழையிலேயே விளங்கிவிடும். அடுத்து, துணியைப் பாவு வாட்டில் (நீள இழைகளின் திசை), ஊடை வாட்டில் (குறுக்கு இழைகளின் திசை), மூலைவாட்டில் என மூன்று விதமாக இழுத்துப் பார்க்கட்டும். மூலைவாட்டில்தான் அது நன்றாக நெகிழும். சட்டைக் கழுத்து ஓரத்துக்கு மூலைவாட்டில் கிராஸ் பட்டி வெட்டுவது ஏன் என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

பிறகு புடவையையும், தென்கிழக்காசியப் பெண்களின் மரபு மேலாடையான கெபாயாவையும் அருகருகே வைத்து, ஒன்று வெட்டாமலே மடிப்பால் உடலுக்குப் பொருந்துவதையும் மற்றொன்று வெட்டாலும் தையலாலும் வடிவம் பெறுவதையும் காட்டுங்கள். கெபாயா 2024இல் சிங்கப்பூர் உட்பட ஐந்து நாடுகளின் கூட்டு முயற்சியால் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றதால், எந்த இனத்து மாணவருக்கும் அது அந்நியமாகத் தோன்றாது.

சாயமிடும் வகுப்பில், மெழுகால் கோலம் வரைந்து சாயமேற்றும் பாத்தேக் செய்யவே மாணவர்கள் விரும்புவார்கள். ஆனால் உருக்கிய மெழுகைச் சிறுவர் கூட்டத்தின் நடுவே வைக்க எனக்குத் துணிவு வராது. மதுரைச் சுங்குடியின் முடிச்சு முறையே போதும். கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியைப் பொட்டுப் பொட்டாகக் கிள்ளி, நூலால் இறுக்கக் கட்டிச் சாயத்தில் தோய்த்தால், கட்டிய இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். சாயப் பொடியை மூச்சில் இழுக்கக் கூடாதென்பதால், ஆசிரியரே முகக்கவசம் அணிந்து முன்கூட்டியே கரைத்துவைக்க வேண்டும்.

இதற்குப் பின்னரே வரைபடம். வரைந்ததை நேரே நல்ல துணியில் வெட்ட விடாமல், காடாத் துணியில் (வெளுக்காத மலிவான பருத்தித் துணி) மாதிரி தைத்து, ஒருவருக்கு அணிவித்து, கையைத் தூக்கவும் உட்காரவும் சொல்லிப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரின் புழுக்கத்தில் அணியக்கூடியதா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். ஓட்டுத் தையல், பின் தையல் ஆகிய அடிப்படைக் கைத்தையல்கள் பழகிய பிறகு தையல் இயந்திரத்தின் முன் அமர்த்தினால் போதும்.

மதிப்பிடும்போது முடிந்த உடையை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு மாணவரும் சோதனைத் துண்டுகளை ஒட்டி, எதை ஏன் மாற்றினார் என்று எழுதிவந்த குறிப்பேட்டுக்கே கூடுதல் மதிப்பெண் ஒதுக்குங்கள். இதை முதல் நாளே அறிவித்துவிட்டால் யாரும் துண்டுகளைக் குப்பையில் போடமாட்டார்கள்.