ஆய்வு செமினாரில் வாய் திறப்பது எப்படி: நிறுவனங்களைப் பற்றிப் படிக்கப் போகிறவர்களுக்கு

நம்மூர்க் கல்லூரியில் செமினார் என்றால் குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, ஒரு பிபிடி, கடைசியில் பங்கேற்புச் சான்றிதழ். இதற்குப் பழகியவர்கள் மேற்படிப்புக்கு அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போய் முதல்முறை ஒரு ஆய்வு செமினாரில் உட்காரும்போது கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள். ஒரு நீள மேசை, சுற்றிலும் பதினைந்து இருபது பேர், பாதிப் பேர் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், வந்திருப்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அறிமுகம் இரண்டே வரி, பத்தாவது நிமிடத்தில் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி கையைத் தூக்கி "இந்த அட்டவணை உங்கள் வாதத்துக்கு எதிராக இருக்கிறதே" என்பாள். யாரும் முறைக்க மாட்டார்கள். அவள் அதற்குத்தான் வந்திருக்கிறாள்.

நிறுவனங்கள் எப்படி இயங்குகின்றன, ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று பேசும் செமினார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. எம்பிஏ வகுப்பு மாதிரி கம்பெனிகளைப் பற்றி மட்டும் பேசுவார்கள் என்று நினைத்துப் போனால் ஒரு வாரம் மருத்துவமனை, அடுத்த வாரம் காட்டுத்தீ அணைக்கும் குழு, அதற்கடுத்த வாரம் வாய்க்கால் பாசனச் சங்கம் என்று ஓடும். சமூகவியல், அரசியல், பொருளாதாரம், மேலாண்மை எல்லாத் துறை ஆட்களும் ஒரே அறையில் இருப்பார்கள், ஒருவர் பேசும் மொழி மற்றவருக்குப் பாதிதான் புரியும். இது குறைபாடு இல்லை, வேண்டுமென்றே செய்வது. எலினோர் ஆஸ்ட்ரமும் அவர் கணவர் வின்சென்ட்டும் 1973ல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஒரு மையத்தைத் தொடங்கியபோது, மூத்தவரும் புதியவரும் மரவேலைப் பட்டறையில் நிற்பதுபோல ஒரே மேசையில் நின்று வேலை பார்க்க வேண்டும் என்று நினைத்துத்தான் அதை நடத்தினார்கள். அந்த எலினோர்தான் 2009ல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண்.

சரி, இப்படி ஒரு அறையில் போய் எப்படிப் பிழைப்பது? என் கருத்து ஒன்றுதான்: கோட்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சம்பவத்தைக் கெட்டியாகப் பிடியுங்கள்.

படிக்கும்போது

பெரும்பாலும் பேப்பரை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். நாற்பது, ஐம்பது பக்கம் இருக்கும். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க ஆரம்பித்தால் ஆறாவது பக்கத்தில் தூக்கம் வரும், ஏனென்றால் அந்தப் பகுதி உங்களுக்காக எழுதப்பட்டதே இல்லை, இன்னின்னாரை எல்லாம் படித்துவிட்டேன் என்று மதிப்பீட்டாளர்களுக்குக் காட்டுவதற்காக எழுதப்பட்டது. சுருக்கத்தைப் படித்துவிட்டு நேராகத் தரவு பற்றிய பகுதிக்குப் போங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, யாரிடம் பேசினார்கள், எதை எண்ணினார்கள். அப்புறம் கண்டுபிடிப்புகள். கோட்பாட்டுப் பகுதி கடைசி.

கையில் அரைத் தாள் வைத்துக்கொண்டு நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இதில் யார் யார் இருக்கிறார்கள்? யாருக்கு எது தெரியும், யாருக்குத் தெரியாது? யார் சொன்னால் யார் கேட்டாக வேண்டும்? ஒருவர் தன் பங்கைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? இந்த நான்கும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும், உங்கள் ஊர்க் கூட்டுறவு சங்கம் உட்பட.

எல்லா செமினாரிலும் என்றாவது ஒருநாள் வந்தே தீரும் ஒரு பேப்பரில் இதைப் போட்டுப் பார்ப்போம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த கார்ல் வைக், மான் கல்ச் தீ விபத்தைப் பற்றி 1993ல் எழுதியது. 1949 ஆகஸ்ட் 5, மொன்டானா மாநிலம். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துக் காட்டுத்தீ அணைக்கும் 15 பேர் ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறார்கள், ஏற்கெனவே அங்கே தீயோடு போராடிக்கொண்டிருந்த வனக்காவலர் ஒருவர் சேர்ந்துகொள்கிறார், மொத்தம் 16. சாதாரணத் தீ, நாளை காலை பத்து மணிக்குள் அணைந்துவிடும் என்று நினைத்துத்தான் வருகிறார்கள். ரேடியோ கட்டியிருந்த பாராசூட் விரியாமல் விழுந்து ரேடியோ உடைந்துவிட்டது. குழுத்தலைவர் வாக்னர் டாட்ஜ் ஆற்றுப் பக்கமாக அழைத்துப் போகும்போது தீ பள்ளத்தாக்கைத் தாண்டி எதிரே வந்து நிற்கிறது. திரும்பி மேட்டில் ஏறுகிறார்கள். கருவிகளைக் கீழே போடுங்கள் என்கிறார். அடுத்து அவர் செய்ததுதான் விஷயம்: தனக்கு முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, அது எரிந்து முடிந்த சாம்பலில் வந்து படுங்கள் என்று கத்துகிறார். ஒருவர்கூடப் படுக்கவில்லை. ஓடினார்கள். 13 பேர் இறந்தார்கள். பாறை இடுக்கு வழியே மறுபக்கம் தப்பியவர்கள் இரண்டு பேர். டாட்ஜ் சாம்பலில் படுத்துப் பிழைத்தார்.

இப்போது அரைத் தாளை எடுங்கள். யாருக்கு என்ன தெரியும்? சாம்பலில் படுத்தால் பிழைக்கலாம் என்பது டாட்ஜுக்கு அந்த நிமிடத்தில் தோன்றியது, மற்றவர்களுக்கு ஒரு மனிதன் தீக்கு நடுவில் நின்று இன்னொரு தீ வைப்பதுதான் தெரிந்தது. யார் சொன்னால் யார் கேட்க வேண்டும்? காகிதத்தில் அவர்தான் தலைவர், ஆனால் அந்தக் குழு அவரோடு அதிகம் சேர்ந்து வேலை செய்ததில்லை, போதாக்குறைக்குக் கருவியையும் கீழே போடச் சொல்லிவிட்டார், கருவி இல்லாதவன் தீயணைப்பவனா, ஓடும் ஆளா? வைக் சொல்வது கிட்டத்தட்ட இதுதான், பொறுப்புகளின் அமைப்பு உடைந்ததும் நடப்பது என்ன என்று புரிந்துகொள்ளும் திறனும் அதோடு உடைந்துவிட்டது என்று. அரைத் தாளில் எழுதியவர் கோட்பாட்டுப் பகுதிக்குப் போகும்போது அதில் பாதியைத் தானே ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார்.

சேர்ந்து வேலை செய்வது பற்றிய வாரம் வந்தால் நான்காவது கேள்விதான் உயிர். ஆஸ்ட்ரம் தன் 1990ஆம் ஆண்டுப் புத்தகத்தில் பேசும் இடங்களில் ஒன்று இலங்கையின் கல்லோயா பாசனத் திட்டம். தலைமடைக்காரர் வேண்டிய மட்டும் தண்ணீர் எடுத்துக்கொள்வார், கடைமடைக்கு வந்து சேராது, நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதே இல்லாத கதை. 1980களின் தொடக்கத்தில், படித்த இளைஞர்களை அங்குள்ள கிராமங்களில் விவசாயிகளோடு தங்க வைத்தார்கள். அவர்கள் சங்கத்தைப் பதிவு செய்து, தலைவர், செயலாளர் என்று தொடங்கவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் சின்னச் சின்னக் குழுக்களாகப் பேச வைத்து, முதலில் அந்த வாய்க்காலைத் தூர் வார வைத்தார்கள், அப்புறம் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். தலைமடையில் பெரும்பாலும் சிங்களவர், கடைமடையில் தமிழர் என்பதையும் சேர்த்துப் படித்தால் அங்கே தண்ணீர் கீழே இறங்கியது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். செமினாரில் இதைப் பற்றி யாராவது 'நம்பிக்கை', 'சமூக மூலதனம்' என்று பேசிக்கொண்டே போனால், ஏன் தூர் வாருவதை முதலில் வைத்தார்கள் என்று கேளுங்கள். சிறிய வேலை, எல்லோர் கண் முன்னாலும் நடக்கிறது, யார் வரவில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிடும். பேச்சு உடனே தரைக்கு இறங்கும்.

கேட்கும்போது

நல்ல கேள்வி சின்னதாக இருக்கும். 'மிக அருமையான உரை, இது எனக்கு இன்னொன்றை நினைவூட்டுகிறது' என்று ஆரம்பித்து நான்கு நிமிடம் பேசுவதற்கென்றே எல்லா அறையிலும் ஒரு பேராசிரியர் இருப்பார், அந்த வேலை அவருக்கே இருக்கட்டும்.

புதிதாகப் போகிறவர்கள் கேட்கத் தகுந்தது இரண்டு வகை. ஒன்று, தரவு எங்கிருந்து வந்தது என்பது. வைக்கின் பேப்பரையே எடுத்தால், அவர் மான் கல்ச்சில் உயிர் பிழைத்தவர்களைத் தேடிப் பேட்டி எடுத்து எழுதியது அல்ல அது. எழுத்தாளர் நார்மன் மெக்லீன் பல ஆண்டுகள் தேடி எழுதி, அவர் இறந்த பிறகு 1992ல் வந்த புத்தகத்தை வைத்து எழுதியது. ஓடியவர்கள் மனதில் என்ன இருந்தது என்பதை இறந்து போனவர்களிடம் யார் கேட்டது? இதை மரியாதையாகக் கேட்டால் அரை மணி நேரத்துக்கு விவாதம் ஓடும்.

இன்னொரு வகை, இது எப்படி நடந்தது என்று ஒரு படி கீழே இறங்கிக் கேட்பது. நாசாவின் சேலஞ்சர் விண்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1986 ஜனவரி 27 இரவு தொலைபேசி மாநாட்டில், குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக வேலை செய்யாது, நாளை ஏவ வேண்டாம் என்று ராக்கெட் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் சொன்னார்கள். மறுநாள் ஏவினார்கள், 7 பேர் இறந்தார்கள். தகவல் தொடர்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த மாநாட்டில் இருந்த நாசா மேலாளர்களுக்குத் தகவல் போய்ச் சேர்ந்துதான் இருந்தது. வழக்கமாக ஏவுவது பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டும், அன்றைக்கு மட்டும் பாதுகாப்பில்லை என்று பொறியாளர்களை நிரூபிக்கச் சொன்னார்கள். நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் விழுந்தது என்று கேட்கத் தெரிந்தவர் இந்தத் துறைக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

ஆங்கிலம் தடுமாறும் என்ற பயம் பலருக்கு உண்டு. கேள்வியை முழு வாக்கியமாக எழுதி வைத்துக்கொண்டு அப்படியே பார்த்துப் படியுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், மூத்தவர்களே அப்படிச் செய்வது உண்டு. எழுதிய கேள்வி மூன்று வரிக்கு மேல் போனால் உள்ளே இரண்டு கேள்வி இருக்கிறது, ஒன்றை வெட்டுங்கள்.

எப்போது கேட்பது என்பது இடத்தைப் பொறுத்தது. பொருளாதாரக்காரர்கள் நடத்தினால் முதல் ஸ்லைடிலேயே குறுக்கே பேசுவார்கள், சமூகவியல் பக்கம் என்றால் முடியும்வரை காத்திருப்பார்கள். முதல் வாரம் சும்மா கவனியுங்கள். சில இடங்களில் ஒரு விரல் தூக்கினால் புதுக் கேள்வி, இரண்டு விரல் தூக்கினால் இப்போது ஓடும் பேச்சைத் தொடர்ந்து சொல்ல ஒன்று இருக்கிறது என்று அர்த்தம், நடத்துபவர் இரண்டு விரல்காரரை வரிசை தாண்டிக் கூப்பிடுவார். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், வரிசையை மதிக்காமல் ஆளாளுக்குப் புகுகிறார்கள் என்று நினைத்து நீங்கள் பொறுமிக்கொண்டிருப்பீர்கள்.

'சார்' என்று கூப்பிடுவதா, பெயர் சொல்வதா? அமெரிக்காவில் மற்ற மாணவர்கள் என்ன செய்கிறார்களோ அதையே செய்யுங்கள். பெயர் சொல்ல நாக்கு வரவில்லை என்றால் பரவாயில்லை, கூப்பிடாமலே கேள்வியை ஆரம்பிக்கலாம். நம் ஆட்கள் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

உங்கள் முறை வரும்போது

பாடமாக எடுக்கும் செமினாரில் ஏதாவது ஒரு வாரம் நீங்கள்தான் விவாதத்தைத் தொடங்கி வைக்க வேண்டியிருக்கும். பேப்பரைச் சுருக்கிச் சொல்லாதீர்கள், எல்லோரும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள், படிக்காதவர்களுக்கு உதவுவது உங்கள் வேலை இல்லை. எழுதியவரின் வாதத்தை இரண்டு வரியில், அவரே ஒப்புக்கொள்ளும்படி நியாயமாகச் சொல்லிவிட்டு, அது எந்த இடத்தில் பொருந்தாது என்பதற்கு ஒரு சம்பவம் வையுங்கள். இங்கேதான் நம்மிடம் சரக்கு அதிகம். கோயில் திருவிழாவை எந்த எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் இல்லாமல் ஒரு ஊரே பிரித்துக்கொண்டு நடத்துவதையோ, சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சாகி, வெட்டி, தகரம் அடித்து வெளியே வருவதற்குள் எத்தனை சின்னக் கடைகளின் கை மாறுகிறது என்பதையோ நேரில் பார்த்து வளர்ந்தவர் என்றால் அதைச் சொல்லுங்கள். "எங்கள் பண்பாட்டில்" என்று ஆரம்பிக்க வேண்டாம், அப்படி ஆரம்பித்தால் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். யார் யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுக்கிறார்கள், சரக்கு தாமதமானால் யார் நஷ்டம் ஏற்கிறார்கள் என்று வேலையின் விவரமாகச் சொல்லுங்கள், பேனாவை எடுப்பார்கள்.

முடிந்ததும் உடனே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். காபி நேரத்தில் பேச வந்தவரிடம் ஒரு நிமிடம் போய், கேட்க முடியாமல் போன கேள்வியைக் கேட்கலாம். கூட்டமாக இருந்தால் அன்று மாலையே நான்கு வரியில் மின்னஞ்சல்: நான் இந்த ஆள், இந்தப் பக்கத்தில் இப்படிச் சொல்கிறீர்கள், இதற்கு முரணாக இது எனக்குத் தெரியும், இதைப் பற்றி என்ன படிக்கலாம். சிவியை இணைக்க வேண்டாம். பதில் வரவில்லை என்றால் அடுத்த வாரம் இன்னொருவர் பேச வருவார், அவருக்கு எழுதுங்கள்.